ஆலாத்திட்டில் மூன்று முட்டை

அத்தியாயம் 6

படகு கரையை விட்டுக் கிளம்பி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சம்பத் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான்.

"நாஸ்தா துண்ணாம வான்னு சொன்னேனா இல்லியா, அண்ணாத்த?" என்றான் படகுக்காரன் சுப்பிரமணி, மோட்டாரின் கைப்பிடியை விடாமல்.

"துண்ணது ரெண்டே இட்லிப்பா. வெளிய நாலு போய்கீது. மீதி ரெண்டு யார்துன்னு தெரில" என்றான் சம்பத், ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு.

ஸ்கூட்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவன் கடலுக்குள் போவதை மாமல்லபுரம் குப்பமே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆலாத்திட்டில் இறங்குகிறவன் மண்டையைப் பறவைகள் கொத்தும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை.

படகின் முன்பக்கம் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சங்கரி சிரிக்கவில்லை. செங்கல்பட்டு கோர்ட்டில் பதினெட்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்து, நாள் முழுக்கப் பொய்ச் சாட்சிகளைச் சுருக்கெழுத்தில் எழுதிச் சலித்து, வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். இப்போது ரயில்வே ஸ்டேஷன் எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாள். கேளம்பாக்கத்தில் டூரிங் டாக்கீஸை மூடியபோது, அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த சம்பத் அவளிடம் வந்து சேர்ந்தான். அது ஐந்து வருஷத்துக்கு முந்திய கதை.

படகில் நான்காவதாக இருந்தவர் ரவிச்சந்திரன். டவுன்ஷிப்பில் குடியிருக்கும் இன்ஜினீயர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தைந்து. கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. கரையில் படகு ஏறியதிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

பத்து நாளைக்கு முன்னால், மே பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம், இதே படகில்தான் அவரும் அவருடைய ஆபீஸ் நண்பர் வாசுதேவனும் ஆலாத்திட்டுக்குப் போனார்கள். கடற்பறவைகளைக் கணக்கெடுக்க இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சுப்பிரமணி கூட்டிவரப் போனபோது ரவிச்சந்திரன் மட்டும் கூடாரத்து வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை வாசுதேவனின் உடல் கரை ஒதுங்கியது. இடது கால் எலும்பு முறிந்திருந்தது. தண்ணீரில் மூழ்கிச் செத்திருந்தார்.

போலீசில் ரவிச்சந்திரன் கொடுத்த வாக்குமூலம் இரண்டு பக்கம். பிப்ரவரி மாதம் சதுரங்கப்பட்டினம் சாலையில் செங்கமலம் என்ற தையல் டீச்சரை அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வெள்ளை மாருதி தன்னுடையதுதான் என்று அவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்கு அதை இரவல் வாங்கி ஓட்டியவன் வாசுதேவன். சனிக்கிழமை ராத்திரி கூடாரத்தில் இதைச் சொல்லி அழுதான். ஞாயிறு விடியற்காலையில், தான் தூங்கிக்கொண்டிருந்தபோது, திட்டின் தெற்கு முனைக்குப் போய்க் குதித்துவிட்டான். கூடாரம் இருந்தது வடக்கு முனையில். பறவைகளின் இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை என்று முடித்திருந்தார்.

ஒரு சாவில் இரண்டு கேஸ் மூடியது.

வாசுதேவனின் மனைவி சியாமளா மட்டும் சங்கரியின் மாடிப்படி ஏறி வந்தாள். "எங்க வீட்டுக்காரர் பயந்த சுபாவம்தான். ஆனா ஒருத்தர ரோட்டுல போட்டுட்டு வண்டிய ஓட்டிக்கிட்டுப் போறவர் இல்ல. பிப்ரவரியிலேருந்து அவருக்குச் சாப்பாடு எறங்கல, அது நிஜம். என்ன நடந்துதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நண்பனின் மனைவி, தன் புருஷன் கடைசியாக நின்ற இடத்தைப் பார்த்துவர ஆள் அனுப்புகிறாள். வழி காட்ட முடியாது என்று ரவிச்சந்திரன் எப்படிச் சொல்வார்? வந்துவிட்டார்.

"தோ கீது பாரு ஆலாத்திட்டு" என்றான் சுப்பிரமணி.

கடலுக்கு நடுவே கரடுமுரடான பாறைக் கூட்டம். ஒரு மரம் இல்லை, புல் இல்லை. நீளம் மூன்று பர்லாங் இருக்கும். பறவை எச்சம் வருஷக்கணக்கில் படிந்து பாறையின் மேல்பக்கம் முழுக்க வெள்ளையடித்தது போல இருந்தது. படகு நெருங்க நெருங்க, அந்த வெள்ளையிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆலாப் பறவைகள் கிறீச்சிட்டுக்கொண்டு எழும்பின.

சம்பத் மூக்கைப் பொத்திக்கொண்டான். "இன்னா மேடம் இது? தீவுன்னு சொன்னீங்க, எலவசக் கக்கூஸ் கணக்கா கீது. இதுல ரெண்டு நாளு தங்கணும்னு ஆசப்பட்டவன் நெஜமாவே பெரிய மனுசன்தான்."

"மெதுவா பேசு" என்றாள் சங்கரி. "அதே ஆசையில வந்து செத்தவர் ஒருத்தர்."

சம்பத் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

வடக்கு முனையில் ஓரளவு சமதளமான பாறை இருந்தது. நான்கு பெரிய கற்கள் சதுரமாக நான்கு மூலையில் கிடந்தன. பாறையில் முளை இறங்காது; கற்களை வைத்துத்தான் கூடாரத்துக் கயிறுகளை இழுத்துக் கட்டவேண்டும்.

"ஞாயித்துக்கெழம நா வந்தப்ப இங்கதாம்மா இருந்திச்சி கூடாரம்" என்றான் சுப்பிரமணி. "நாந்தான் பிரிச்சி எடுத்தாந்து படகுல வெச்சேன். சார் கையி நடுங்கினு இருந்திச்சி."

"ரெண்டு ராத்திரியும் இங்கேயேதானா சார்?" சங்கரி கேட்டாள்.

"ஆமாங்க. வந்த உடனே போட்டோம். கெளம்பற வரைக்கும் இங்கயேதான்." ரவிச்சந்திரன் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். அவர் பார்வை தெற்குப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது.

பறவைகள் தலைக்கு மேலே வட்டமிட்டு ஒவ்வொன்றாகப் பாய்ந்து வந்தன. சம்பத்தின் ஹெல்மெட்டில் டொக்கென்று ஒரு கொத்து விழுந்தது. "பாத்தீங்களா? குப்பத்துல சிரிச்சவன்லாம் இப்ப வரணும் இங்க" என்று அவன் திரும்பியபோது சங்கரி குந்தி உட்கார்ந்திருந்தாள். குடையைத் தலைக்குப் பிடிக்காமல் தரையில் ஏதோ ஒரு இடத்துக்கு நிழல் விழும்படி சாய்த்துப் பிடித்திருந்தாள். அது அந்த நான்கு கற்களுக்கு நட்ட நடுவில்.

ஐந்து வருஷத்தில் சம்பத் ஒன்று கற்றுக்கொண்டிருந்தான். மேடம் இப்படி அசையாமல் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவனுக்கு நேரம் சரியில்லை.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் தலையைத் தூக்காமல். "இந்த ஆலா முட்டை பொரிக்க எத்தன நாளாகும்?"

காலையிலிருந்து முதல் தடவையாக ரவிச்சந்திரனின் முகம் தெளிந்தது. "இருபது, இருபத்தோரு நாள் ஆகுங்க. ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி உக்காரும்."

"ரெண்டு நாள் உக்காரலேன்னா?"

"ரெண்டு நாளா? இந்த மே மாசத்து வெயில்ல அரை மணி நேரம் விட்டாலே கரு செத்துப்போயிருமுங்க. அதுக்குத்தான் நாங்க கூட்டுப் பக்கமே போகமாட்டோம். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கற மொதப் பாடமே அதானுங்க."

"விடியக்காலையில ஒரு மணி நேரம் விட்டா?"

"அது தாங்கும். வெயில் ஏறியிருக்காதில்லீங்களா?"

"தேங்க்ஸ் சார். கொஞ்சம் கிட்ட வந்து இதப் பாருங்க."

அவர் வந்தார். சம்பத்தும் எட்டிப் பார்த்தான். பாறையில் உள்ளங்கை அளவு பள்ளம். அதில் பொடிக்கற்களுக்கு நடுவே மூன்று முட்டை. ஒன்று பொரிந்து, மணல் நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குஞ்சு ஈரம் காயாமல் கிடந்தது. இன்னொன்றின் ஓட்டில் விரிசல். உள்ளேயிருந்து ஒரு அலகு தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது நசுங்கி, ஓடு தரையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

சங்கரி எழுந்து நின்றாள். "இன்னிக்குப் பொரிக்குதுன்னா, நீங்க வந்து எறங்கறதுக்கு முன்னாடியே இந்த முட்டை இங்க இருந்திருக்கு. ரெண்டு ராத்திரி, ஒரு முழுப் பகல், இதும் மேல கூடாரம் போட்டு ரெண்டு ஆள் படுத்திருந்தா இது உயிரோட இருக்காது. நீங்களே சொன்னீங்க. ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம். அதுல ஒண்ணு போச்சு, ரெண்டு பொழைச்சுது."

ரவிச்சந்திரன் உதட்டை நக்கிக்கொண்டார். "காத்து... காத்து ஜாஸ்தியா இருந்துச்சுங்க. மொதல்ல வேற பக்கம் போட்டிருந்தோம். சனிக்கிழமை ராத்திரி இங்க மாத்திப் போட்டோம். போலீஸ்ல சொல்ல விட்டுப்போச்சு."

"போட்டோம்னா? ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"ஆமாங்க."

"கூட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னு பாடம் நடத்தற ரெண்டு பேர், கையில டார்ச்ச வெச்சுக்கிட்டு, முட்டை மேலயே கூடாரத்த விரிச்சீங்க?"

ரவிச்சந்திரன் நசுங்கிய ஓட்டுக்குப் பக்கத்திலிருந்து காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பதட்டத்துல, அரையிருட்டுல, டார்ச் அடிச்சா யாராவது பாத்துடுவாங்கன்னு பயந்துக்கிட்டு ஒருத்தர் தனியா போட்ட கூடாரம் இது" என்றாள் சங்கரி. கைப்பையிலிருந்து பழைய சுருக்கெழுத்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். "சம்பத், மொதல்ல போட்ட இடம் எங்கேன்னு தேடு."

"இன்னா அடையாளம் மேடம்? பத்து நாளாச்சி. வூடு கட்டியா வெச்சிருப்பாங்க?"

"நீயே யோசி. உனக்குச் சம்பளம் வாய்க்கு மட்டும் இல்ல."

தெற்குப் பக்கம் பாறை ஏறி ஏறிப் போனது. சம்பத் எச்சத்தில் வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்தான். கற்கள், கற்கள், எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கற்கள். முனைக்குக் கொஞ்சம் முன்னால் காற்று மறைவாக ஒரு சின்னத் திடல். அதில் நின்று அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. அப்புறம்தான் பிடிபட்டது.

"மேடம்!" என்று கத்தினான். "இந்தத் திட்டுல கல்லுன்னா மேல வெள்ள, அடியில கருப்பு. இங்க நாலு கல்லு மட்டும் மல்லாந்து படுத்துனு கீது! கருப்பு மேல, வெள்ள கீழ. எவனோ கூடாரத்த அவுத்துட்டுக் கால்ல ஒதச்சித் தள்ளிக்கீறான்!"

சங்கரி வந்தாள். பின்னாலேயே ரவிச்சந்திரனும் சுப்பிரமணியும் வந்தார்கள். அவள் கற்களைப் பார்த்து, சம்பத்தைப் பார்த்து, ஒரே ஒரு தடவை தலையாட்டினாள். அவளிடம் அவ்வளவு கிடைத்தால் தீபாவளி போனஸ் கிடைத்த மாதிரி.

திடலிலிருந்து பத்தடி தூரத்தில் பாறை பிளந்துகொண்டு ஒரு இடுக்கு. மேலே ஒரு ஆள் அகலம். கீழே போகப் போக விரிந்து, இருபதடி ஆழத்தில் இருட்டாக இருந்தது. அடியில் எங்கோ கடல்நீர் வந்து மோதிப் போகும் சத்தம்.

"இதுல வுழுந்தா ஏற முடியாதும்மா" என்றான் சுப்பிரமணி. "எங்க ஆளுங்க இந்தாண்ட வரவே மாட்டாங்க. அமாவாச பௌர்ணமிக்கி அடியில தண்ணி ஏறிக்கும்."

"போன அமாவாசை என்னிக்கி?"

சுப்பிரமணி யோசித்தான். "சனிக்கெழம. இவங்க இங்க இருந்தாங்களே, அந்த சனிக்கெழம." சொல்லிவிட்டு அவனே ரவிச்சந்திரனைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அம்மா, அன்னிக்கி எங்க பசங்க வல வுட இந்தப் பக்கமாதான் போனானுங்க. திட்டுலேர்ந்து விசிலு சத்தம் கேட்டுனே இருந்திச்சாம். காலைலயும் ஊதினு, சாயங்காலமும் ஊதினு. நானு, சாருங்க குருவிய வெரட்டி வெளையாடறாங்கடான்னு சொன்னேன்."

"கணக்கெடுக்கத்தானுங்க" என்றார் ரவிச்சந்திரன் சட்டென்று. "விசில் அடிச்சா பறவை மேல எழும்பும். எழும்பினா எண்ணறதுக்கு ஈஸிங்க. வாசுகிட்ட எப்பவும் ஒரு விசில் இருக்கும்."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. சம்பத்துக்கே அது நம்பும்படி இருந்தது. சங்கரி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"சுப்பிரமணி, நங்கூரக் கயிறு எவ்வளவு நீளம்?"

"நாப்பது அடி இருக்கும்மா."

"எடுத்துட்டு வா. சம்பத், ஹெல்மெட் பத்திரமா இருக்கில்ல?"

சம்பத் இடுக்கைப் பார்த்தான். "மேடம், நா டிக்கெட் கிழிக்கிற வேலைய வுட்டுட்டு வந்ததே உள்ள இருட்டா கீதுன்னுதான்."

ஆனாலும் இறங்கினான். சுப்பிரமணி கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு பாறையில் காலை ஊன்றி மெதுவாக விட்டான். பக்கவாட்டுப் பாறை வழவழவென்று கைப்பிடிக்கு இடமில்லாமல் இருந்தது. கீழே கால் ஊன்ற ஒரு சின்னப் பாறை மேடு. படுத்தால் ஒரு ஆளுக்குப் போதும், புரண்டால் போதாது. மேலே பார்த்தான். கிழிசல் துணி மாதிரி நீளமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது.

அப்போது மேலே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

ரவிச்சந்திரன்தான். பக்கத்தில் நின்று கனைத்தது போல அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. சுப்பிரமணியின் மூச்சிரைப்பு கேட்டது. சங்கரியின் பென்சில் நோட்டில் உரசும் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. பறவை இரைச்சல் இந்த இடுக்குக்குள் இறங்கவே இல்லை. மேலே பேசுவது கீழே இப்படிக் கேட்டால், கீழேயிருந்து கூப்பிடுவது மேலே எப்படிக் கேட்டிருக்கும்?

நெஞ்சு உயரத்தில், பாறை விளிம்பில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. கையை நீட்டி எடுத்தான். கயிற்றை இரண்டு தடவை இழுத்தான். தூக்கினார்கள்.

மேலே வந்து அதைச் சங்கரியின் முன்னால் பாறையில் வைத்தான். ஒரு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். காலி. மூடி இறுகத் திருகியிருந்தது. அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஆர்.சி. என்று இரண்டு எழுத்து. கழுத்தில் மஞ்சள் நைலான் கயிறு இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை அறுத்துவிட்டது போலப் பிசிறாக இருந்தது.

"வாசுதேவனோட பாட்டில் பச்சை. சாமானோட சேத்து அத சியாமளாகிட்ட நீங்களே குடுத்துட்டீங்க" என்றாள் சங்கரி. "இது உங்களோடது. இந்த மஞ்சக் கயிறு உங்க கூடாரத்தோடது. குதிச்சுச் சாகப் போறவர் பாட்டிலுக்குக் கயிறு கட்டி எடுத்துக்கிட்டுப் போகமாட்டார். இது மேலேருந்து எறக்கினது. அவர் கூப்பிட்டது காதுல விழலன்னு சொல்றதுக்குத்தான் கூடாரத்த வடக்கே மாத்திப் போட்டிருக்கீங்க."

கடல் இரைந்தது. ரவிச்சந்திரன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காலையிலேருந்து நீங்க அவரப் பிடிச்சுத் தள்ளிட்டீங்கன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். தப்பா நெனச்சுட்டேன். தள்ளினவர் தண்ணி குடுக்கமாட்டார்." சங்கரியின் குரல் உயரவில்லை. "பாட்டில எறக்கக் கயிறு இருந்துது. ஆள ஏத்த மட்டும் இல்லாம போச்சா சார்?"

ரவிச்சந்திரன் அப்படியே பாறையில் உட்கார்ந்தார். அப்புறம் பேச ஆரம்பித்தபோது யாரையும் பார்க்கவில்லை. அந்த இடுக்கைப் பார்த்துத்தான் பேசினார்.

"தள்ளலீங்க. சத்தியமாத் தள்ளல. அன்னிக்குக் காரை ஓட்டினது நான்தான். அவன் பக்கத்துல உக்காந்திருந்தான். நிறுத்து, நிறுத்துன்னு கத்தினான். நான் நிறுத்தல. மூணு மாசம் ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசவே இல்லீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க வெச்சுச் சொன்னான், 'திங்கட்கிழமை அந்த டீச்சர் வீட்டுக்குப் போகப் போறேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போவேன். நீயும் வா'ன்னு. சண்டை வந்துச்சு. கோவிச்சுக்கிட்டுக் கேமராவத் தூக்கிக்கிட்டு எழுந்து போனவன், கால் வழுக்கி இதுக்குள்ள போயிட்டான்."

"அப்புறம்?"

"ரவி, கால் போச்சுடா, கயிறு போடுன்னு கூப்பிட்டான். ஓடினேனுங்க. கயிறு எடுக்கத்தான் ஓடினேன். கூடாரத்து வாசல் வரைக்கும் போயிட்டு நின்னுட்டேன்."

"ஏன்?"

"திங்கட்கிழமை ஞாபகம் வந்துருச்சுங்க."

சுப்பிரமணி தூ என்று துப்பினான்.

"ராத்திரி பூராக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். தண்ணி கேட்டான். கேட்டுக்கிட்டு இருக்க முடியல. அதான் எறக்கினேன். அவன் அவுக்காம கயிற கெட்டியாப் பிடிச்சு இழுத்தான். பயந்துபோய்க் கத்தியால அறுத்துட்டேன். காலைல விசில் ஊத ஆரம்பிச்சான். காதுல துணிய வெச்சுக்கிட்டு உள்ளயே படுத்திருந்தேன். ஞாயித்துக்கிழமை, விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அலைச் சத்தம் பெருசாக் கேட்டுச்சு. அப்புறம் விசில் நின்னுருச்சு."

"த்தூ, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?" சுப்பிரமணியின் குரல் உடைந்தது. "எங்க பசங்க கூப்புடு தூரத்துல இருந்தானுங்களேய்யா! ஒரு துண்ட எடுத்து ஆட்டியிருந்தின்னா வந்து தூக்கியிருப்பானுங்களே!"

அவன் கையை ஓங்கிக்கொண்டு போனான். சம்பத் குறுக்கே நின்று அவன் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

சங்கரி கடைசி வரியை எழுதி முடித்தாள். சுப்பிரமணியிடமும் சம்பத்திடமும் நோட்டில் கையெழுத்து வாங்கினாள். பிறகு ரவிச்சந்திரன் முன்னால் நீட்டினாள். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் அவரை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, பாட்டிலையும் நோட்டையும் இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்துவிட்டு, இருவரும் டவுன்ஷிப்புக்குப் போனார்கள். சியாமளா குவார்ட்டர்ஸ் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். சங்கரி எதையும் சுற்றிவளைக்கவில்லை. காரை ஓட்டியது யார், வாசுதேவன் என்ன செய்ய முடிவு செய்திருந்தார் என்பதையெல்லாம் சொன்னாள். சியாமளா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வழுக்கி விழுந்தாரா?"

"ஆமா."

"உடனே போயிட்டாரா?"

சங்கரி வாயைத் திறப்பதற்குள் சம்பத் முந்திக்கொண்டான். "உடனேம்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

சியாமளா கண்ணை மூடினாள். அவள் தோள் தளர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு சம்பத் நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தான்.

"இல்ல" என்றாள் சங்கரி.

"மேடம்!"

"நீ பேசாம இரு. சியாமளா, கேஸ் கோர்ட்டுக்கு வரும். அங்க வக்கீல் எழுந்து எல்லார் முன்னாடியும் இதச் சொல்லுவார். அங்க நீங்க மொதல் தடவையாக் கேக்கக் கூடாது. அவர் உடனே போகல. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலேருந்து ஞாயித்துக்கிழமை விடியக்காலை வரைக்கும் உயிரோட இருந்தார். கூப்பிட்டார். விசில் ஊதினார். அந்த ஆள் கேட்டுக்கிட்டே இருந்துட்டுக் காப்பாத்தல."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அந்தச் சத்தத்தில் சியாமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சனிக்கிழமை சாயங்காலம்" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "சனிக்கிழமை சாயங்காலம் நான் அவர் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். ஏழு சட்டை." அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். சம்பத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. தெருமுனை வரை நடந்து போய், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேடத்தின் மேல் அவனுக்கு அப்படி ஒரு கோபம் எப்போதும் வந்ததில்லை.

அவன் திரும்பி வந்தபோது சியாமளா முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்த டீச்சர் வீட்டு அட்ரஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

சங்கரி அவளைப் பார்த்தாள். "திருக்கழுக்குன்றம். இன்னிக்கேவா? நாளைக்குப் போகலாமே."

"இன்னிக்குத் திங்கட்கிழமை. இன்னிக்கே போகணும்."

மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். திருக்கழுக்குன்றத்தில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின் ஒன்று துணி போட்டு மூடியிருந்தது. கதவைத் திறந்தவள் செங்கமலத்தின் அக்கா ராஜம். முன்பின் தெரியாத மூன்று பேரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"என் பேர் சியாமளா. உங்க தங்கச்சிய அடிச்ச கார் விஷயமா வந்திருக்கேன். என் வீட்டுக்காரர் அந்தக் கார்ல இருந்தார்."

ராஜத்தின் கை கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது. "ஓட்டினவரா?"

"இல்ல. பக்கத்துல உக்காந்திருந்தவர்." சியாமளாவின் குரல் ஒரு தடவை தடுமாறி நின்று, மறுபடி வந்தது. "மூணு மாசம் வாயத் திறக்காம இருந்துட்டார். அது தப்புதான். போன திங்கட்கிழமை இங்க வந்து உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னு இருந்தார். அவரால வர முடியல."